மாப்பிள்ளை திருப்பித் தந்த மிஷின்

கயிற்றை இழுத்ததுதான் தாமதம், புல் வெட்டுகிற மிஷின் குபுகுபுவென்று வெள்ளைப் புகையைக் கக்கித் தோட்டத்தையே மூடிவிட்டது. மாமனார் சட்டென்று அணைத்தார். முப்பது வருஷம் பஸ் டிப்போவில் மெக்கானிக்காக இருந்தவர். அவர் ஒரு அதட்டல் போட்டால் டிப்போவே கப்சிப். போன வாரம் மாப்பிள்ளை இரவல் வாங்கிப் போகிறவரை இந்த மிஷின் ஒரு தும்மல்கூடப் போட்டதில்லை.

மாப்பிள்ளை பக்கத்திலேயே நின்றார். வழியில் ஏதாவது ஆச்சா என்று கேட்டதற்கு, புல் நன்றாக வெட்டியது மாமா என்றாரே தவிர, கேட்ட கேள்விக்குப் பதில் வரவில்லை. கண்ணும் தரையை விட்டு எழும்பவில்லை. மாமனாருக்குச் சுருக்கென்றது. கல்யாணமாகி ஆறு மாசம்தான் ஆகிறது. ஒரே மகள். மிஷின் போனால் போகட்டும், உண்மையை மறைக்கிற ஆளுக்கா பெண்ணைக் கொடுத்தோம் என்ற நினைப்புதான் அவரை அரித்தது. முகத்துக்கு நேரே கேட்கவும் முடியாது. என்ன இருந்தாலும் மாப்பிள்ளை!

ஆகவே எஞ்சினை விசாரித்தார். ஆயில் குச்சியை உருவித் துடைத்து, திரும்ப விட்டுப் பார்த்தார். அளவு சரி, கூடுதலாக யாரும் ஊற்றவில்லை. புகையில் பெட்ரோல் வாடை இல்லை, எரிந்த ஆயில் வாடை. பிளக்கைக் கழற்றினால் நுனியெல்லாம் ஈரம். ஏர் ஃபில்டர் மூடியைத் திறந்ததும் குட்டு வெளிப்பட்டது. உள்ளே இருந்த பஞ்சு ஆயிலில் ஊறிக் கிடந்தது. நிமிர்ந்து நிற்கிற மிஷினில் ஆயில் அங்கே வராது. யாரோ ஃபில்டர் பக்கம் கீழே போகிற மாதிரிப் படுக்கப்போட்டிருக்கிறார்கள்.

"மாப்பிள்ளை, நீங்க இதைச் சாய்ச்சீங்களா?"

"இல்ல மாமா. நான் சாய்க்கல."

அடேயப்பா, என்ன நெஞ்சழுத்தம்! பஞ்சிலிருந்து ஆயில் சொட்டுகிறது, மனுஷன் அசரவில்லையே. மாமனாருக்குக் கோபம் தலைக்கேறியது. பஞ்சைத் தூக்கிப் பிடித்து, அப்படியானால் இது எப்படி வந்தது என்று ஆரம்பிக்கும்போதே, கதவோரம் நின்ற மகள் இறங்கி வந்தாள்.

"சாய்ச்சது நான்தாம்ப்பா."

அடியில் ஒட்டிய புல்லைச் சுரண்டிக் கொடுத்தால் அப்பா சந்தோஷப்படுவார் என்று படுக்கப்போட்டாளாம். பிறகு இழுத்துப் பார்த்தால் ஒரே புகை. அழுதே விட்டாளாம். நீ வாயைத் திறக்காதே, சந்தேகம் என்மேலேயே இருக்கட்டும், மாப்பிள்ளையை உங்கப்பா திட்டமாட்டார் என்று இவர்தான் சமாதானப்படுத்திக் கூட்டி வந்தாராம்.

மாமனார் அசடு வழிந்தார். பிளக்கைத் துடைத்துப் போட்டு, புது ஃபில்டர் மாட்டிப் பத்து நிமிஷம் ஓடவிட்டால், உள்ளே போன ஆயில் எரிந்து புகை தானாக நின்றுவிடும் என்றார். ஆனாலும் சந்தேகம் ஒன்று பாக்கி இருந்தது. மாப்பிள்ளையை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே மகளிடம் குரலைத் தாழ்த்தினார்.

"இதுக்குப் போயி இப்படிப் பயந்திருக்கியே. அங்கயும் இப்படித்தான் பயந்து பயந்து இருக்கியா?"

"அங்க எனக்குப் பயமே இல்லப்பா" என்றாள் மகள்.