மறைக்க ஒன்றுமில்லாத றெனோல்ட்

சனிக்கிழமை காலை பதினொரு மணிக்குக் கனடாவின் லவால் நகரில் றெனோல்ட் வீட்டு ரெலிபோன் அடிக்கும். லண்டனில் அப்போது பின்னேரம் நாலு மணி. கிறேஸின் தமையன் கிறிஸ்தோப்பர் வேலை முடிந்து வந்து, தேத்தண்ணியோடு உட்கார்ந்து, தங்கையிடம் இரண்டு நிமிடம் சுகம் விசாரித்துவிட்டு, "எங்கை உன்ரை மனுசன்?" என்று கேட்பார். அதற்குப் பிறகு ஒரு மணித்தியாலம் சண்டை.

சண்டை காணியைப் பற்றியதல்ல, கலியாணத்தைப் பற்றியதுமல்ல. பிரித்தானியாவில் எல்லோருக்கும் அடையாள அட்டை கொடுக்கலாமா, கூடாதா என்பதைப் பற்றியது. அந்தத் திட்டத்தில் அட்டை சிறிய விசயம். அட்டைக்குப் பின்னால் ஒரு பெரிய பதிவேடு இருக்கும். அதில் ஆளின் விரலடையாளம், விலாசம், முன்பிருந்த விலாசம் எல்லாம் ஒரே இடத்தில் சேரும். கிறிஸ்தோப்பர் அதற்கு முழு எதிரி. றெனோல்ட் முழு ஆதரவு. இத்தனைக்கும் இரண்டுபேரும் அடையாள அட்டை இல்லாமல் ஒரு தெருவைக் கடக்கமுடியாத நாட்டிலிருந்து வந்தவர்கள். ஒரே சோதனைச்சாவடியில் நின்று இரண்டு வேறு முடிவுகளுக்கு வந்திருந்தார்கள்.

கிறிஸ்தோப்பரின் வேலை, ஒரு கடைத்தொகுதியில் பன்னிரண்டு கண்காணிப்புக் கமராக்களின் திரைகளைப் பார்த்துக்கொண்டிருப்பது. கமராக்களை வெறுப்பதற்கு அதுவே காரணம் என்பார். ஏழு வருடத்தில் அவர் பிடித்த கள்ளர்கள் மூன்றுபேர். மூக்கு நோண்டியதைப் பார்த்தது பத்தாயிரம்பேரை.

றெனோல்ட் டோர்வல் விமான நிலையத்தில் பயணப்பெட்டிகளை ஏற்றி இறக்குபவர். அவருக்கு ஒரே ஒரு வாதம்தான். "மறைக்க ஒண்டுமில்லாதவனுக்கு என்ன பயம், மச்சான்?"

இரண்டாயிரத்து ஏழு நவம்பரில் கிறிஸ்தோப்பருக்கு நல்லகாலம் பிறந்தது. பிரித்தானிய அரசாங்க அலுவலகம் ஒன்று இரண்டரைக் கோடிப்பேரின் விபரங்களை இரண்டு கணினித் தட்டுகளில் பதிந்து அனுப்ப, அவை போய்ச்சேரவில்லை. பெயர், விலாசம், பிள்ளைகளின் பிறந்த திகதி, வங்கிக் கணக்கு இலக்கம் எல்லாம் இரண்டு வட்டத் தட்டில். அந்தச் சனிக்கிழமை கிறிஸ்தோப்பர் தங்கையிடம் சுகம்கூட விசாரிக்கவில்லை.

தட்டுகளுக்குக் கடவுச்சொல் போட்டிருந்தார்களே என்று றெனோல்ட் கேட்டார். அதற்காகவே காத்திருந்தவர்போலக் கிறிஸ்தோப்பர் விளக்கினார். கடவுச்சொல் பெட்டிக்குப் போட்ட பூட்டு மாதிரி. பெட்டியை உடைத்தால் உள்ளே இருக்கிற கடிதத்தை ஆரும் வாசிக்கலாம். கடிதத்தையே எழுத்துக் குழப்பி எழுதியிருந்தால், பெட்டியை உடைத்தவன் கையில் வெறும் கிறுக்கல்தான் மிஞ்சும். இவர்கள் பூட்டைப் போட்டுவிட்டுக் கடிதத்தை அப்படியே விட்டுவிட்டார்கள். விளக்கம் நல்ல விளக்கம். அதனாலேயே றெனோல்டுக்குக் கோபம் வந்தது.

"தொலைஞ்சாத் தொலையட்டும். என்ரை விபரத்தை ஆர் வாசிச்சாலும் எனக்கு ஒண்டுமில்லை."

"அப்ப உன்ரை ஈமெயிலை நான் வாசிக்கலாமோ?"

"தாராளமா."

"நீ கடவுச்சொல் தரவேண்டாம். வாற சனிக்கிழமைக்குள்ளை நானே திறக்கிறன். திறந்தால், மேலை கிடக்கிற கடிதத்தை ரெலிபோனிலை சத்தமா வாசிப்பன். திறக்காட்டி ஒரு வருசத்துக்கு அடையாள அட்டையைப் பற்றி வாய் திறக்கமாட்டன்."

ரெலிபோன் ஒலிபெருக்கியில் இருந்தது. கிறேஸ் கேட்டுக்கொண்டிருந்தாள். பதினாறு வயது மகள் றெபேக்கா சோபாவில் படுத்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். றெனோல்ட் சரி என்றார். ரெலிபோனை வைத்துவிட்டுக் குளிர்சாதனப் பெட்டியைத் திறந்து தண்ணீர் எடுத்தபோதுதான், தன் மின்னஞ்சலில் என்ன வரப்போகிறது என்பது அவருக்கு ஞாபகம் வந்தது.

வரப்போவது பிரெஞ்சுச் சோதனை முடிவு.

ஒன்றரை வருடத்துக்குமுன் றெனோல்ட் வளர்ந்தோருக்கான பள்ளியில் பிரெஞ்சு இரண்டாம் நிலை படித்தார். சோதனை எழுதிவந்த அன்றிரவு, எப்படி என்று மகள் கேட்க, பாஸ் என்று சொல்லிவிட்டார். முடிவு வரவில்லை, ஆனால் நம்பிக்கை இருந்தது. அடுத்தநாளே கிறேஸ் 'பிறாவோ பப்பா' என்று எழுதிய கேக்கோடு வந்தாள். லண்டனுக்கும் பாரிசுக்கும் ஸ்காபரோவுக்கும் செய்தி போனது. பங்குத்தந்தை பூசை முடிவில் பெயர் சொன்னார். அதற்கு அடுத்த கிழமை ஆசிரியை றெனோல்டை ஓரமாக அழைத்து, நாற்பத்தொன்று என்றார். அறுபது வேண்டும்.

பள்ளி அனுப்பியதாகச் சொன்ன கடிதம் அவர் கைக்கு வரவேயில்லை. வழியில் எங்கோ தவறிவிட்டது என்று நினைத்து றெனோல்ட் அந்தோனியாருக்கு நன்றியாக மெழுகுதிரி கொளுத்தினார். இனி எல்லாம் மின்னஞ்சலில் அனுப்பச் சொன்னார். பிறகு செவ்வாயும் வியாழனும், விமான நிலையத்தில் பாதுகாப்புப் பயிற்சி என்று வீட்டில் சொல்லிவிட்டு, அதே வகுப்பில் மறுபடி போய் இருந்தார். இரண்டாம் முறை ஐம்பத்தாறு. மூன்றாம் முறை எழுதியாகிவிட்டது. முடிவு இந்த வெள்ளிக்கிழமை.

மறைக்க ஒன்றுமில்லாத மனிதர் திங்கட்கிழமை மத்தியானம் சாப்பாட்டு அறையில் ஆனந்தராசாவைத் தேடிப்போனார். ஆனந்தராசா அவரோடு பெட்டி தூக்குபவன். மிச்ச நேரத்தில் கணினிப் படிப்பு. பிரெஞ்சை விட்டுவிட்டு மற்றதெல்லாவற்றையும் அவனிடம் சொன்னார்.

தன் கடவுச்சொல் பதினாலு எழுத்து, ஆராலும் கண்டுபிடிக்கமுடியாது என்றார். ஆனந்தராசா சோற்றுப் பெட்டியை மூடிவைத்துவிட்டு விளக்கத் தொடங்கினான். மின்னஞ்சலுக்கு இரண்டு வாசல். முன்வாசல் கடவுச்சொல். அதை மறந்துபோகிறவர்களுக்காக ஒரு பின்வாசல் வைத்திருக்கிறார்கள். அங்கே ஒரு இரகசியக் கேள்வி கேட்பார்கள். சரியான பதில் சொன்னால், புதுக் கடவுச்சொல்லை நீங்களே போடுங்கள் என்று கதவைத் திறந்துவிடுவார்கள். உள்ளே போகிறவன் அப்படிக் கடவுச்சொல்லை மாற்றியதும் வீட்டுக்காரனுக்கே வீடு திறக்காது. முன்வாசலுக்கு இரும்புக் கதவு போட்டு என்ன பயன்?

"உங்கடை கேள்வி என்ன, அண்ணை?"

தாயாரின் கலியாணத்துக்கு முந்திய குடும்பப் பெயர். வெள்ளைக்காரர்களுக்கு அது நல்ல கேள்வி. கலியாணத்தோடு மறைந்துபோகிற பெயர். எங்களுக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்றில்லை. பெண்ணின் பெயருக்கு முன்னால் தகப்பன் பெயர் நிற்கும், பிறகு புருசன் பெயர். அதனால் றெனோல்ட் தாயின் தகப்பனுடைய பெயரைக் கொடுத்திருந்தார். அவர் செத்து ஐம்பது வருடம். லண்டனிலிருக்கிற மன்னார் மனிதனுக்குப் பாசையூர்க் கிழவனின் பெயர் எப்படித் தெரியும்?

"உங்கடை அம்மா செத்தபோது மரண அறிவித்தல் போட்டனீங்களோ?"

றெனோல்ட் வாயிலிருந்த இடியப்பத்தை மெல்லாமல் நிறுத்தினார். போட்டிருந்தார். பத்திரிகையில் அரைப்பக்கம், இணையத்தில் படத்தோடு, வானொலியில் மூன்று நேரம். 'பாசையூரைப் பிறப்பிடமாகவும் மொன்றியலை வதிவிடமாகவும் கொண்ட திரேசம்மா, காலஞ்சென்ற நீக்கிலாப்பிள்ளையின் அன்பு மகளும்...' என்று தொடங்கி, மருமக்கள், சம்பந்திகள், ஆறு நாட்டு ரெலிபோன் இலக்கங்கள் வரை அவரே இருந்து எழுதியது. கனடாவில் பிறந்த பிள்ளைகளுக்காக அதை ஆங்கிலத்திலும் போட்டிருந்தார்.

பிறந்த ஊர், தாய், தகப்பன், பாட்டன், படித்த பள்ளி: உலகத்திலுள்ள வங்கிகளும் மின்னஞ்சல் நிறுவனங்களும் இரகசியம் என்று கேட்கிற எல்லாவற்றையும் எங்கள் ஆட்கள் செத்த மூன்றாம் மணித்தியாலமே உற்றார் உறவினர் நண்பர்களுக்கு அறியத்தந்துவிடுகிறோம்.

"அப்ப கேள்வியை மாத்துறன்" என்றார் றெனோல்ட். "முதல் வளர்த்த பிராணியின்ரை பேர் எண்டும் ஒரு கேள்வி கிடக்கு. எங்கடை நாயை ஒருத்தரும் அறிவித்தலிலை போடேல்லை."

"பேரைச் சொல்லாதைங்கோ" என்று ஆனந்தராசா ஒரு கடதாசியில் மூன்று பெயர்களை எழுதிக் காட்டினான். ஜிம்மி, ரைகர், றொசி.

றெனோல்ட் முதற்பெயரைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

இரகசியத்தின் பலம் அது எவ்வளவு அந்தரங்கமானது என்பதில் இல்லை, எத்தனை விடைகள் இருக்கமுடியும் என்பதில்தான் இருக்கிறது என்றான் ஆனந்தராசா. ஊர் நாய்களுக்குப் பத்துப் பெயர். பத்து விடையுள்ள இரகசியம் பத்துத் தட்டலில் திறக்கும். ஆகவே பொய் சொல்லவேண்டும். அதுவும் தனிப் பொய் போதாது; ஒன்றோடொன்று சேராத மூன்று சொற்களைச் சேர்த்துச் சொல்லவேண்டும். ஒவ்வொரு சொல்லுக்கும் ஆயிரம் தெரிவு இருந்தால், மூன்று சேரும்போது ஆயிரத்தை ஆயிரத்தால் பெருக்கி மறுபடி ஆயிரத்தால் பெருக்கவேண்டும். நூறு கோடி. லண்டனிலிருந்து தட்டிக்கொண்டிருந்தால் கிறிஸ்தோப்பருக்கு ஆயுள் காணாது.

அன்று பின்னேரமே றெனோல்ட் தன் முதல் வளர்ப்புப் பிராணியின் பெயரை மாற்றினார். இப்போது அதன் பெயர் கருவாடு ஏணி செவ்வாய்.

கொம்பியூட்டரை நிறுத்திவிட்டுத் தேத்தண்ணி குடித்து முடிப்பதற்குள் ஏணி முதலோ செவ்வாய் முதலோ என்று அவருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. பயணப்பெட்டியில் கட்டுகிற சீட்டு ஒன்றின் பின்புறத்தில் மூன்றையும் எழுதி, கதிரையில் ஏறி, திரு இருதயப் படத்துக்குப் பின்னால் செருகினார். கை குருத்தோலையில் பட்டது. ஆண்டவர் பார்த்துக்கொள்வார்.

வெள்ளிக்கிழமை மாலை முடிவு வந்தது. றெனோல்ட் மின்னஞ்சலைத் திறந்தார்; ஆசிரியையின் பெயரைக் கண்டார்; கடிதத்தைத் திறக்கவில்லை. திறக்காதவரை அவர் மூன்றாம் முறை தோற்கவில்லை.

சனிக்கிழமை பதினொரு மணிக்குக் கிறிஸ்தோப்பரின் குரல் களைத்திருந்தது. திங்கள் இரவே றெனோல்டின் தாயாரின் அறிவித்தலைக் கண்டுபிடித்துவிட்டாராம். செவ்வாய் போனபோது கேள்வி மாறியிருந்ததாம். ஒருநாளைக்கு மூன்று பிழைதான் விடலாம். பிறகு அடுத்தநாள்வரை பூட்டிவிடுவார்கள்.

"யாழ்ப்பாணத்து நாய் எல்லாத்தையும் கூப்பிட்டுப் பாத்திட்டன். ஒண்டும் வரேல்லை."

றெனோல்ட் சிரித்தார். அந்தச் சிரிப்பை அவர் கொஞ்சம் சுருக்கியிருக்கலாம்.

"பொறு, மச்சான். நீ பொய்ப் பேர் ஏதோ குடுத்திருக்கிறாய். கார் நிப்பாட்டின இடத்தையே மறக்கிற ஆள் நீ. அப்ப எங்கையோ எழுதி வச்சிருக்கிறாய். கத்தோலிக்க வீட்டிலை எழுதின கடதாசி எங்கை இருக்கும்? கிறேஸ், திரு இருதயப் படத்துக்குப் பின்னாலை ஒருக்காப் பார் பிள்ளை."

பூட்டைப் பற்றித் தெரிந்தவர்கள் சொல்வது இதுதான்: கணக்கு நூறு கோடி என்றாலும், திறப்பை வைக்கிற இடம் ஒன்றுதான்.

கிறேஸ் கதிரையை இழுத்தாள். றெனோல்ட் தான் பார்ப்பதாகச் சொல்லி எழும்பினார். அவள் அதற்குள் ஏறிவிட்டாள். படத்தைச் சுவரிலிருந்து கழற்றினாள். பெட்டிச் சீட்டும், காய்ந்த குருத்தோலையும், அடிச்சட்டத்தில் கிடந்த வெள்ளைக் கடித உறை ஒன்றும் அவள் கைக்கு வந்தன. கிறேஸ் மூன்று சொற்களையும் வாசித்தாள். புருசனின் முகத்தைப் பார்த்தாள்.

"என்ன கிடக்கு?" என்றது ரெலிபோன்.

"குருத்தோலைதான் அண்ணா. தூசியும்."

"வடிவாப் பாத்தியோ?"

"பாத்திட்டன்."

லண்டனில் நெடுமூச்சு ஒன்று கேட்டது. ஒரு வருடம் வாய் திறப்பதில்லை என்று கிறிஸ்தோப்பர் ஒத்துக்கொண்டார். வைக்கமுன், தட்டு இரண்டும் இன்னும் கிடைக்கவில்லை என்று மட்டும் சொன்னார். அது அட்டையைப் பற்றியதல்லவாம்.

கிறேஸ் சீட்டைப் புருசனிடம் நீட்டினாள். "இதை வேறை எங்கையாவது வையுங்கோ." றெனோல்ட் சீட்டைப் பார்க்கவில்லை. உறையில் பள்ளியின் முத்திரையும் ஒன்றரை வருடத்துக்கு முந்திய திகதியும் இருந்தன. அது ஒழுங்காகக் கத்தியால் கிழிக்கப்பட்டிருந்தது.

"எப்ப தொட்டு உனக்குத் தெரியும்?"

"கேக் வெட்டின அடுத்த கிழமை."

"ஏன் சொல்லேல்லை?"

"நீங்கள் சொல்லுவியள் எண்டு பாத்தன். பேந்து பாதுகாப்புப் பயிற்சி எண்டு போகத் தொடங்கினியள். ஒருநாள் கொப்பியைத் திறந்து பாத்தால் முழுக்க வினைச்சொல். பெட்டி தூக்கிறதுக்கு இவ்வளவு இறந்தகாலம் எதுக்கு எண்டு நினைச்சன்."

றெனோல்ட் கதிரையில் உட்கார்ந்தார். "முடிவு வந்திட்டுது" என்றார். "நான் திறக்கேல்லை."

இரண்டுபேருமாகக் கொம்பியூட்டருக்கு முன்னால் இருந்து திறந்தார்கள். அறுபத்துநாலு. றெனோல்ட் எழும்பி இரண்டு கையையும் மேலே தூக்கினார். சத்தம் மட்டும் போடவில்லை. கதிரை விழுந்த சத்தத்துக்கு றெபேக்கா அறையிலிருந்து எட்டிப்பார்த்து என்ன என்று கேட்டாள். ஒண்டுமில்லை என்றார்கள் இரண்டுபேரும்.

அதுதான் சிக்கல். ஒன்றரை வருடத்துக்குமுன் பாஸான ஒருவர் இன்று எப்படிப் பாஸாகமுடியும்?

அடுத்த சனிக்கிழமை காலை றெனோல்ட் தனியே கேக் கடைக்குப் போனார். கேக்கில் என்ன எழுத என்று கடைக்காரப் பெண் கேட்டாள். நன்றி மதாம், ஒன்றும் எழுதவேண்டாம், அப்படியே தாருங்கள் என்று முழு வசனமாகப் பிரெஞ்சில் சொன்னார். அவள் திருப்பிக் கேட்கவில்லை. முதல்தரமே விளங்கியிருந்தது. வாசல்வரை போய்விட்டு, அதை இன்னொருமுறை கேட்கமாட்டாளா என்று திரும்பிப் பார்த்தார்.

பதினொரு மணிக்கு ரெலிபோன் அடித்தபோது எல்லோர் வாயிலும் கேக். ஆருக்குப் பிறந்தநாள் என்று றெபேக்கா கேட்டுக் களைத்திருந்தாள். கிறிஸ்தோப்பருக்குப் பேச விசயம் இல்லாததால், என்ன சப்புகிறாய் என்று கேட்டார்.

"கேக்."

"ஏன் கேக்?"

றெனோல்ட் கிறேஸைப் பார்த்தார். கிறேஸ் சுவரிலிருந்த படத்தைப் பார்த்தாள்.

"அது உனக்குத் தேவையில்லாத விசயம், மச்சான்."

லண்டனில் தேத்தண்ணிக் கோப்பையை வைக்கிற சத்தம் கேட்டது. பிறகு மிகவும் சந்தோசமான ஒரு குரல் வந்தது.

"இதைத்தானே மச்சான் நான் மூண்டு வருசமாச் சொல்லுறன்."