ரத்தப் பெட்டியின் முதல் வரி

அறிக்கையின் கடைசி வாக்கியத்தை அவள் மூன்றாவது முறையாகப் படித்தாள். 'பேரன்ட் கிளாஸில் புதிதாகச் சேர்த்த மாற்றமே பிழைக்குக் காரணம்.' அதன் கீழே கையெழுத்துக்கு ஒரு கோடு. கோட்டுக்குப் பக்கத்தில் அவள் பெயர் ஏற்கெனவே அச்சாகியிருந்தது.

ஒரு மருத்துவமனையில் ரத்தம் வைக்கும் குளிர்பெட்டியின் கதவு சனிக்கிழமை சரியாகச் சாத்தப்படவில்லை. அடித்திருக்க வேண்டிய மணி அடிக்கவில்லை. முப்பத்தெட்டுப் பை ரத்தம் வீணானது. யார் யாரோ வேலைக்கு நடுவே வந்து கையை நீட்டிக் கொடுத்துவிட்டுப் போன ரத்தம். மணிக்கான நிரலை எழுதியவள் அவள்தான். சேர்ந்து ஐந்து மாதம் ஆகிறது. ஆறு முடிந்தால்தான் வேலை நிரந்தரம். கையெழுத்துப் போட்டால் அதோடு சரி.

"போட்டுடும்மா," என்றார் கேப்டன். குழுத் தலைவருக்கு எல்லாரும் வைத்த பெயர் அது. "புதுசா வந்தவங்க தப்பு பண்றது சகஜம். மேடம்கிட்ட நான் பேசிக்கிறேன்."

"ஒரு தடவை புரோகிராமைப் பார்த்துட்டு..."

"நான் பார்த்துட்டேன். மூணு மணிக்கு மேடம் வருவாங்க."

மேடம்தான் நிறுவனத்தை நடத்துபவர். அவள் பேனாவை எடுக்கவில்லை. தன் இடத்துக்குப் போய் உட்கார்ந்தாள்.

நிரலில் எல்லாக் குளிர்பெட்டிகளுக்கும் பொதுவாகத் தாய்போல ஒரு பகுதி, பேரன்ட் கிளாஸ். பெட்டி இயங்கத் தொடங்கும்போது முதலில் நடக்க வேண்டியதெல்லாம் அதன் தொடக்கப் பகுதியில் இருக்கும். மருந்துப் பெட்டி, தடுப்பூசிப் பெட்டி, ரத்தப் பெட்டி மூன்றும் அதன் பிள்ளைகள், சைல்ட் கிளாஸ்கள். அவை தங்கள் தொடக்கப் பகுதியின் முதல் வரியில் பேரன்ட்டின் தொடக்கத்தைக் கூப்பிட வேண்டும். பிறகு தங்களுக்கென்று இருப்பதைச் சேர்த்துக்கொள்ளலாம். இவர்கள் எழுதும் மொழியில், கூப்பிடாவிட்டால் அது தானாக வராது. கதவைக் கண்காணிக்கும் வரியைப் போன மாதம் அவள் பேரன்ட்டில்தான் சேர்த்தாள். அங்கே போட்டால் மூன்றுக்கும் போய்ச் சேரும் என்று சொன்னதே கேப்டன்தான்.

ரத்தப் பெட்டியின் ஃபைலைத் திறந்தாள். முதல் வரியில் கூப்பிடுதலைக் காணோம். பேரன்ட்டில் முன்பிருந்த ஏழு வரிகள் அப்படியே எடுத்து ஒட்டப்பட்டிருந்தன. ஒரு குறிப்பிலிருந்த எழுத்துப்பிழைகூட மாறவில்லை. எழுதப்பட்டது இரண்டு வருடத்துக்கு முன். எழுதியவர் கேப்டன்.

அவளுடைய எட்டாவது வரி அங்கே எப்படிப் போகும்?

"சரியான ஈயடிச்சான் காப்பி!" என்றாள் தோளுக்குப் பின்னாலிருந்து சோதனைக்கார அக்கா. "மூணு பெட்டியையும் டெஸ்ட் பண்றேன்னு நான் தலைப்பாடா அடிச்சுக்கிட்டேன்டி. பேரன்ட்டைப் பார்த்தா போதும், பிள்ளைங்க தானா நடக்கும்னாரு."

"அவர் பார்த்துட்டேன்னு சொன்னாரேக்கா."

"பார்த்திருப்பாரு. அதனாலதான் இவ்வளவு அவசரம்."

அவள் காது மடல் சுட்டது. தெரியாமல் சொன்னார் என்றாவது இதுவரை நினைத்திருந்தாள்.

மூன்று மணிக்கு மேடம் வந்தபோது அவள் அக்காவின் மேசையருகே, சோதனைக்காக வைத்திருந்த சின்னக் குளிர்பெட்டியின் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றாள்.

"இப்போ இது மருந்துப் பெட்டியா ஓடுது, மேடம்." மணி அடித்தது. அக்கா நிரலை மாற்றினாள். "இது தடுப்பூசி." அடித்தது. "இது ரத்தம்."

அக்காவின் கடிகாரத்தில் நொடி முள் ஒரு சுற்று முழுதும் சுற்றி வந்தது. மணி அடிக்கவில்லை.

மேடம் திரையில் அந்த ஏழு வரிகளையும் எழுதியவர் பெயரையும் படித்தார்.

"அப்போ அந்த ஏழுதான் இருந்துச்சு," என்றார் கேப்டன். "அதுவும் வேகமா ஓடணும்னு பண்ணினது. பேரன்ட்டை மாத்தினவங்கதான் பிள்ளைங்களைத் திறந்து பார்த்திருக்கணும்."

"ஆமா சார், பார்த்திருக்கணும்." அவள் கதவைச் சாத்தாமலே பேசினாள். "அது என் தப்பு. அதை எழுதிக் கையெழுத்துப் போடறேன். ஆனா இந்தப் பேப்பர்ல இருக்கிறது பொய். இதுல போட மாட்டேன். என்னைக் கேக்காம என் பேரை எப்படி சார் அடிச்சீங்க?"

மேடம் அறிக்கையைக் கையில் எடுத்தார்.

"சரி விடும்மா, ஒரு வரிதானே," என்று கேப்டன் சிரிக்கப் பார்த்தார். "நீயே போட்டுடு. விஷயம் முடிஞ்சுது."

யார் திருத்துகிறார்களோ அவர்கள் பெயர்தான் ஃபைலின் வரலாற்றில் ஏறும். ரத்தப் பெட்டியில் பிழை திருத்தியவள் என்று அவள் பெயர் ஏறினால், நாளைக்குப் படிப்பவர்கள் பிழையும் அவளுடையது என்றே நினைப்பார்கள்.

அவள் லேப்டாப்பை அவர் பக்கம் திருப்பினாள். "நீங்க போடுங்க சார். உங்க பேர்ல."

கேப்டன் மேடத்தைப் பார்த்தார். மேடம் அறிக்கையை இரண்டாகக் கிழித்துக்கொண்டிருந்தார்.

கேப்டன் உட்கார்ந்தார். ஏழு வரிகளை அழித்துவிட்டு, பேரன்ட்டைக் கூப்பிடும் ஒரு வரியை அடித்தார். அக்கா நிரலை ஏற்றினாள். கதவு திறந்தேதான் இருந்தது.

மணி அடித்தது. நிறுத்தக் கேப்டன் கையை நீட்டினார்.

"அடிக்கட்டும் சார்," என்றாள் அவள்.