சுஷ்மாவை ஊரில் நிறுத்தி வைக்கும் கதை

1

இந்தக் கதையை எழுத ஆரம்பித்ததற்குக் காரணம் பொறாமை. அதுவும் ஓர் ஊரின் மேல். நாற்பத்தாறு வயதில் ஓர் ஊரைப் பார்த்துப் பொறாமைப்படுவது கேவலம்தான். ஆனாலும் சொல்லிவிடுகிறேன், பிறகு நீங்களே கண்டுபிடித்துச் சிரிக்க வேண்டாம்.

வடக்கே ஒரு மலை நகரம். பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் உடனே போனில் தேடுவீர்கள், படங்களைப் பார்ப்பீர்கள், "அடடா" என்பீர்கள், அத்தோடு நான் தோற்றேன். முந்நூறு வருடத்து அரண்மனை, தெருவுக்குத் தெரு ஓவியக்கூடம், மாலையானால் சதுக்கத்தில் பாட்டு, ஜன்னலைத் திறந்தால் பனிமலை. 'எங்கள் ஊரில் வாழ்வதற்குப் பன்னிரண்டு காரணங்கள்' என்று ஓர் இணையப் பக்கமே வைத்திருக்கிறார்கள். அது என் மனைவி பிருந்தாவின் போனில் மூன்று வாரமாகத் திறந்தே கிடக்கிறது.

பிருந்தா இங்கே மதுரை பசுமலையில் ஒரு பள்ளிக்கூடத்தில் டிராயிங் டீச்சர். பதினாறு வருடமாக. அந்த அரண்மனையின் சுவரோவியங்களைப் பிரதியெடுக்க இரண்டு வருடத்துக்கு ஆள் கேட்டிருந்தார்கள். விண்ணப்பித்தாள், கிடைத்துவிட்டது. விண்ணப்பிக்கும்போது என்னிடம் சொன்னாளாம். நான் "ம்" என்றேனாம். நான் வீட்டில் உட்கார்ந்தபடி பாடப் புத்தகங்களுக்குப் புரூஃப் பார்ப்பவன். அந்த நேரம் ஏழாம் வகுப்பு அறிவியலுக்குள் இருந்திருப்பேன்.

வெள்ளிக்கிழமைக்குள் அவள் பதில் அனுப்ப வேண்டும். இந்த வரியை எழுதும்போது கிழமை செவ்வாய். "போகாதே" என்று நேரில் சொல்ல வாய் வரவில்லை. அதனால் கதை எழுதுகிறேன்.

2

முதல் தொடக்கம்: சுஷ்மா ஜன்னலைத் திறந்தாள். எதிரே யானைமலை காலை வெயிலில் பொன்னாக—

(விட்டுவிட்டேன். சுஷ்மாவின் வீடும் பசுமலைப் பக்கம்தான். அங்கே ஜன்னலைத் திறந்தால் எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டி தெரியும்.)

இரண்டாம் தொடக்கம்: இரண்டாயிரம் ஆண்டுப் பெருமை கொண்ட மதுரை மாநகரிலே சுஷ்மா என்றொரு—

(இது ஆறாம் வகுப்பு சமூக அறிவியல். போன மாதம்தான் திருத்திக் கொடுத்தேன்.)

மூன்றாம் தொடக்கம்: சுஷ்மாவுக்கு மலை என்றாலே தலை சுற்றும்.

இது பரவாயில்லை. வைத்துக்கொண்டேன். சுஷ்மா டிராயிங் டீச்சர். அவளுக்கும் ஒரு மலை ஊரிலிருந்து வேலை வருகிறது. அவள் கணவன் பெயர் கிரிதர். நல்லவன், பொறுமைசாலி, என்னைவிடத் தலையில் முடி அதிகம்.

3

இங்கே கொஞ்சம் கட்டுரை வரும். அவசரக்காரர்கள் தாண்டிப் போகலாம்.

மதுரை மலை நகரம் இல்லை என்று யார் சொன்னது? மேற்கே நாகமலை. வடகிழக்கே யானைமலை. தள்ளி அழகர்மலை. தெற்கே திருப்பரங்குன்றம். நாங்கள் குடியிருக்கும் ஏரியாவின் பெயரிலேயே மலை இருக்கிறது. பழமைக்குக் கோயில் இருக்கிறது. கோபுரத்துச் சிலைகளை எண்ணி முடித்ததாகச் சொன்ன எவனையும் நான் நம்பியதில்லை. கலைக்குச் சித்திரைத் திருவிழா ஒன்று போதும், அந்த நாட்களில் ஊரே வேஷம் கட்டிக்கொண்டு திரியும். பனிதான் இல்லை. மார்கழியில் இரண்டு நாள் விடியற்காலையில் வாயில் புகை வரும், அதைக் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

பன்னிரண்டு காரணங்களுக்குப் பதில் பதினான்கு எழுதினேன். பதினான்காவது, 'நான் இருக்கிறேன்'. அதை அடித்துவிட்டேன்.

தங்கப்பாண்டிக்குப் போன் செய்தேன். கல்லூரியிலிருந்து நண்பன், சமயநல்லூரில் பம்ப்செட் கடை வைத்திருக்கிறான்.

"மாப்ள, மதுரையைச் சுத்துன கழுதைகூட வெளியூரு போகாதும்பாங்கள்ல, அதைப் போடு கதையில. தங்கச்சி சிரிச்சிரும். முடிஞ்சுச்சு சோலி."

"பொண்டாட்டியக் கழுதைன்னா எழுதச் சொல்ற?"

"அப்ப வேணாம். உன்னையச் சொன்னதா வச்சுக்க."

சிரித்துவிட்டு வைத்துவிட்டேன். கதையில் சேர்க்கவில்லை.

4

கதை புதன்கிழமை காலையில் முடிந்தது. நான்கு பக்கம். கிரிதர் சுஷ்மாவைத் திருப்பரங்குன்றத்துக்கு அழைத்துப் போகிறான். அவள் மலையை அண்ணாந்து பார்க்கிறாள். கண் கலங்குகிறது. "இதை விட்டுட்டு நான் எப்படிங்க போவேன்?" என்கிறாள். வீட்டுக்கு வந்து, "காபி போடவா?" என்று கேட்டுவிட்டு, வர இயலாது என்று கடிதம் எழுதுகிறாள். முற்றும்.

பிருந்தாவின் வண்டிச் சாவிக்குப் பக்கத்தில் மறந்துபோய் வைத்ததைப் போல வைத்தேன்.

5

சாயங்காலம் திரும்பி வந்தது. பிள்ளைகளின் படங்களைத் திருத்தும் சிவப்புப் பென்சிலால் ஓரத்தில் எழுதியிருந்தாள். அப்படியே தருகிறேன்.

* பக்கம் 1: மலை என்றால் எனக்குத் தலை சுற்றாது. உங்களுக்குத்தான் சுற்றும். கொடைக்கானல் பஸ்ஸில் வழியெல்லாம் பாலிதீன் பை பிடித்துக்கொண்டு வந்தவள் நான்.

* பக்கம் 3: நாலு பக்கத்தில் சுஷ்மா ஆறு தடவை வாய் திறக்கிறாள். அதில் நாலு தடவை காபி.

* பக்கம் 4: இவள் என்ன படம் வரைவாள்?

மூன்றாவது குறிப்பில் மாட்டிக்கொண்டேன். சுஷ்மாவைப் படைத்தவன் நான், எனக்கே தெரியவில்லை. பிருந்தா என்ன வரைகிறாள் என்று யோசித்தேன். அதுவும் தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை மொட்டைமாடியில் அட்டையும் கையுமாக உட்கார்ந்திருப்பாள். நான் மாடிக்குப் போனதில்லை, வெயில். உண்மையிலேயே வெட்கமாக இருந்தது.

பாத்திரம் கழுவிக்கொண்டே அவள் சொன்னாள்: "எங்க கிளாஸ்ல மலை வரைங்கடான்னா எல்லாம் ரெண்டு முக்கோணம் போடும், நடுவுல ஒரு சூரியன். ஜன்னலுக்கு வெளியில அம்புட்டுப் பெரிய பாறை நிக்குது. ஒண்ணாவது திரும்பிப் பார்க்கணுமே."

"ம்."

"உங்க சுஷ்மாவும் ரெண்டு முக்கோணம்தாங்க."

கோபமாகச் சொல்லவில்லை. மார்க் போடுகிறவள் குரலில் சொன்னாள்.

6

சரி, மறைக்கவில்லை. எனக்குப் பயம். இரண்டு வருடம் என்பது இருபது வருடமாகிவிடுமோ என்று பயம். அந்த ஊரைப் பார்த்தபின் அவளுக்கு நான் எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டியாகத் தெரிவேனோ என்று பயம். இதைக் கிரிதர் தலையில் ஏற்றிவிட்டு நான் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தேன்.

முடிவைத் திரும்ப எழுதினேன்.

முடிவு அ. சுஷ்மா போகிறாள். ரயில் நகர்கிறது. கிரிதர் நடைமேடையில் நின்று கையசைக்கிறான்.

முடிவு ஆ. சுஷ்மா போகவில்லை. பதினேழாவது வருடமும் முக்கோணங்களுக்கு மார்க் போடுகிறாள். கிரிதருக்குச் சந்தோஷம். சாப்பிடும்போது மட்டும் வீட்டில் பேச்சு குறைவு.

முடிவு இ. சுஷ்மா போய், குளிர் தாங்காமல் ஆறே மாதத்தில் திரும்பிவிடுகிறாள். [இது வேண்டுதல். கதையில் சேராது.]

வேறு முடிவு இருப்பதாகத் தெரியவில்லை. வியாழக்கிழமை மத்தியானம்வரை மூன்றையும் மாற்றி மாற்றிப் படித்தேன். அ தான் நியாயம் என்று பட்டது. எழுதியதில் முதன்முறையாக எனக்குப் பிடிக்காத முடிவைத் தேர்ந்தெடுத்தேன். கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

7

விளக்குத்தூண் பக்கம் ஜவுளிக்கடை வைத்திருக்கும் பீமாராவ் எங்களுக்குப் பழக்கம். சித்திரை வெயிலில் நடந்து போய், ஸ்வெட்டர் இருக்கிறதா என்று கேட்டேன். அவர் கைவேலையை நிறுத்தினார்.

"யாருக்குண்ணே? உடம்புக்கு முடியலையா?"

"வீட்ல பனி ஊருக்குப் போறாங்க."

"எம்புட்டுப் பனி?"

"தெரியலை. ஜன்னலத் திறந்தா மலையெல்லாம் பனியாம்."

பரணில் ஏறி, பிளாஸ்டிக் உறையோடு மெரூன் நிறத்தில் ஒன்றை எடுத்து வந்து தூசி தட்டினார். வாங்கிக்கொண்டேன். "வேற எதுவும் வேணும்னா எட்டரைக்குள்ள வாங்கண்ணே, அப்புறம் ஷட்டரப் போட்ருவோம்" என்றார். மதுரையில் ஸ்வெட்டர் வாங்கியவன் இன்னொரு தடவை எதற்கு வரப்போகிறான் என்று நினைத்துக்கொண்டேன்.

8

ஸ்வெட்டரையும் முடிவு அ-வையும் பிருந்தாவிடம் கொண்டுபோனேன். இந்த முறை மறந்துபோய் வைக்கவில்லை, கையில் கொடுத்தேன்.

முடிவைப் படித்தாள். ஸ்வெட்டரை அங்கேயே போட்டுப் பார்த்தாள். கை நீளம் சரியாக இருந்தது. வியர்த்தது. கண் கலங்கவில்லை. பிறகு கடைப் பையை எடுத்து உள்ளே கைவிட்டுத் துழாவினாள்.

"ஒண்ணுதானா?"

"ஒண்ணுதான். ஏன், பத்தாதா?"

என்னைப் பார்த்தாள்.

"உங்க புரூஃபெல்லாம் எதுலங்க வருது?"

"மெயில்ல."

"மெயில் மலை ஏறாதா?"

அவ்வளவுதான் கேட்டாள். உள்ளே போய் லேப்டாப்பைத் திறந்தாள்.

9

மூன்று முடிவுகள் எழுதினேன். சுஷ்மா போகிறாள், போகவில்லை, போய் வருகிறாள். மூன்றிலும் கிரிதர் நின்ற இடத்தில் நிற்கிறான். ரயில்வே ஸ்டேஷன்வரை வந்தவன் நடைமேடையைத் தாண்டவில்லை. குழந்தை இல்லை, சொந்த வீடு இல்லை, வேலை எந்த மேஜையிலும் நடக்கும், அப்படியும் அவன் ரயிலில் ஏறலாம் என்று எனக்குத் தோன்றவே இல்லை. விட்டுப்போன காற்புள்ளியைக் கண்டுபிடித்துத் தருவதுதான் என் பிழைப்பு. ஒரு முழு ஆளே விட்டுப்போயிருக்கிறான். தங்கப்பாண்டி அன்றைக்கே சரியான ஆளிடம்தான் கழுதையைச் சொல்லியிருக்கிறான்.

முடிவை உங்களிடம் ஒப்படைத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளலாம் என்றுதான் முதலில் திட்டம். இப்போது மனம் வரவில்லை, நீங்களும் மதுரைக்காரராக இருந்துவிட்டால் வம்பு.

மணி ஏழு பத்து. பிருந்தா உள்ளே பதில் அடித்துக்கொண்டிருக்கிறாள், ஸ்வெட்டரைக் கழற்றாமல், ஃபேனை ஐந்தில் வைத்துக்கொண்டு. எனக்குப் பஸ்ஸில் தலை சுற்றும். குளிர் ஆகாது. அந்த ஊரில் தமிழ்ப் பேப்பர் கிடைக்காது. போகாமல் இருப்பதற்குப் பன்னிரண்டு காரணங்கள் எழுத உட்கார்ந்தேன். மூன்றுக்கு மேல் வரவில்லை.

முடிவு ஈ. கிரிதர் எழுந்து, வண்டிச் சாவி எங்கே என்று கேட்டு, செருப்பில் காலை நுழைத்துக்கொண்டு, பீமாராவ் ஷட்டரை இழுப்பதற்குள்—