உப்புச் சுவரில் இளம்பச்சை

“உள்ரூம எம்பேருக்கு எழுதிக் குடுங்க.”

கேட்டேவிட்டாள் ரேணுகாதேவி. எதை வேண்டுமானாலும் கேள், வீட்டில் பங்கு மட்டும் கேட்காதே என்று அம்மா அம்மாக்கண்ணு சின்ன வயதிலிருந்தே சொல்லி வைத்திருந்தாள். சாமைச் சோறு கிளறிக்கொண்டிருந்த அம்மாவின் கை அப்படியே நின்றது.

“இன்னாமே சொன்ன?” அண்ணன் குணசீலன் போனிலிருந்து தலையைத் தூக்கினான். “டிகிரி வாங்கினா வூட்டையும் வாங்கிப்பியா?”

“டிகிரிய வுடு. அந்தச் சொவத்தச் சொரண்டினது யாரு?”

இருபது வருஷமாக அந்த அறையில் புளிதான் குடியிருந்தது. கொட்டை எடுத்து, உப்புப் போட்டு அடைத்த புளிக்கூடைகள். சுவர் அந்த உப்பைக் குடித்துக் குடித்து, தொட்டால் மாவாக உதிர்ந்தது. படிப்பு முடித்து வந்தவள் கூடைகளை ஹாலுக்குத் தள்ளிவிட்டு, செங்கல் தெரியும்வரை பூச்சைக் கொத்தி எடுத்தாள். கழுவிக் காயவிட்டு, புதிதாகப் பூசி, பட்டி பார்த்து, பிரைமர் அடித்து, அதற்கு மேல்தான் இரண்டு கை இளம்பச்சை. முளைவிட்டு மூன்று நாளான சாமையின் பச்சை. கதவுக்கு உள்பக்கம் ஒரு தாழ்ப்பாள். இருபத்திரண்டு வயதில் அவளுக்கென்று கிடைத்த முதல் தாழ்ப்பாள்.

மிச்சப் பெயிண்டைக் குணசீலன் ஹாலுக்கு அடித்தான். அங்கேயும் புளி சாய்ந்த சுவர்தான். கொத்தாமல் அடிக்காதே என்று அவள் தலைபாடாக அடித்துக்கொண்டாள். “பெயிண்டு அடிக்கறதுக்கும் காலேஜி போவணுமா?” என்று சிரித்தான். ஒரே மழை. ஹால் சுவர் கொப்புளம் கொப்புளமாக எழும்பி, தோலாக உரிந்து தொங்கியது.

இப்போது அவனுக்குப் பெண் பேசியாகிவிட்டது. நாளைக்குப் பெண்வீட்டார் வருகிறார்கள். வீட்டில் உரியாத சுவர் அவளுடையது ஒன்றுதான்.

“வர்றவளுக்கு ரூம் வேணாமா? நீ ஹால்ல படுத்துக்க,” என்றாள் அம்மா. “இன்னொரு வூட்டுக்குப் போறவ, உனக்கு எதுக்கு ரூமு?”

“அப்பா, நீங்க சொல்லுங்க.”

வேடியப்பன் பீடியை அணைத்துவிட்டு மகளைப் பார்த்தார். நியாயம் பேசப் போகிறார் என்று ஒரு நொடி நம்பினாள்.

“இந்த ஹாலயும் அதே மாதிரி கொத்திப் பூசிக் குடுத்துடும்மா. உங்கண்ணனுக்கு அந்த வேல வராது.”

குணசீலன் கெக்கலித்தான். “கேட்டுக்கினியா? அப்பாவே சொல்லிட்டாரு.”

“உளி வெளிய கீது. உங்கையிலயும் அஞ்சு வெரலு கீது,” என்று சொல்லிவிட்டு அறைக்குள் போனாள்.

பை காலையிலேயே தயாராக இருந்தது. ஆலங்காயத்தில் மருந்துக்கடை வேலை. கூடப் படித்த தமிழரசியின் வீட்டு மாடியறைக்கு வருவதாக நேற்றே சொல்லிவிட்டாள். கேட்காமலே போய்விட்டாள் என்று நாளைக்கு எவனும் பேசக் கூடாது. அதற்காகத்தான் கேட்டாள்.

அம்மா அவளைத் தாண்டி உள்ளே வந்தாள். வருகிறவர்கள் கண்ணில் படக்கூடாதென்று ஹாலிலிருந்த புளிக்கூடையை இழுத்துவந்து இளம்பச்சைச் சுவரோடு சாய்த்து வைத்தாள். உப்புநீர் கசிந்த கூடை. அடுத்ததை எடுக்கப் போனாள்.

போன வாரமாக இருந்தால் ரேணுகா கத்தியிருப்பாள். இன்றைக்குப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு பையைத் தோளில் மாட்டினாள்.

“எங்கம்மா போற?” என்றார் அப்பா. “ஹாலு?”

செருப்பைப் போட்டுக்கொண்டு, பஸ் நிற்கும் பக்கம் நடந்தாள்.