கண்ணின் வெள்ளை

அக்கா நிறம் திருத்தி அனுப்பிய கல்யாணப் படங்களை என் கடை மெஷினில் அச்சடித்து எடுத்தேன். எடுத்த கையோடு அவளுக்கு போன் போட்டேன்.

“அக்கா, பொண்ணு மாப்பிள்ளை ரெண்டு பேருக்கும் காமாலை. வாழ்த்த வந்த கூட்டத்துக்கும் தொத்திக்கிச்சு.”

“உன் மெஷினைப் பாரு. என் கண்ணைக் குறை சொல்லாதே.”

“காமாலைக்காரன் கண்ணுக்குக் கண்டதெல்லாம் மஞ்சளாம். எதுக்கும் உன் கண்ணைக் கொஞ்சம் காட்டு, பார்க்கிறேன்.”

பட்டென்று வைத்துவிட்டாள். எங்கள் வீட்டில் மூக்குக்கு மேல் கோபம் வருவது அவளுக்குத்தான் என்று எல்லோரும் சொல்வார்கள். எனக்கும் அங்கேதான் வரும். ஆல்பம் மொத்தமும் குப்பைக்குப் போகும் எரிச்சலில், திரையை அளக்கும் கருவியைப் பையில் போட்டுக்கொண்டு அவள் வீட்டுக்குக் கிளம்பினேன்.

அக்காவின் வேலை அறையைப் பார்க்கிறவர்கள் யாரோ துக்கம் காக்கிறார்கள் என்று நினைப்பார்கள். சுவர் சாம்பல் நிறம், ஜன்னலுக்குக் கறுப்புத் துணி. உட்காரும்போது, வெளியூரில் வேலை பார்க்கும் மாமாவின் பழைய சாம்பல் சட்டையைத்தான் மாட்டிக்கொள்வாள். கலர் உடுத்தினால் அது திரையில் பட்டுக் கண்ணை ஏமாற்றிவிடுமாம். இவ்வளவு கறாரான மனுஷி, கருவி என்றால் மட்டும் முகத்தைச் சுளிப்பாள்.

போன மாதம் அவள் லேப்டாப் கீழே விழுந்து திரை உடைந்தது. புதுத் திரை மாட்டி வாங்கி வந்ததும், “கடைக்குக் கொண்டு வா, அளந்து தர்றேன்” என்று படித்துப் படித்துச் சொன்னேன். தானே சரி செய்துகொண்டதாகச் சொன்னாள்.

கருவி ஒரு மவுஸ் அளவுதான் இருக்கும். அதைத் திரையின் மேல் கவிழ்த்து வைத்தால் சிவப்பு, பச்சை, நீலம், வெள்ளை என்று ஒவ்வொன்றாக ஓடவிட்டு, நிறம் எவ்வளவு தவறியிருக்கிறது என்று சொல்லிவிடும். அக்கா கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். முடிவு வந்தது. திரையில் நீலம் கன்னாபின்னாவென்று ஏற்றப்பட்டிருந்தது. நீலத் திரையில் பார்த்தவள் அதை ஈடுகட்டப் படங்களில் மஞ்சளைக் கொட்டியிருக்கிறாள். மணப்பெண்ணின் காமாலை அங்கிருந்து வந்ததுதான்.

“எதை வச்சுக்கா சரி பண்ணே?”

“உங்க மாமாவை வச்சுத்தான்.” சொல்லும்போது அவளுக்குக் கொஞ்சம் வெட்கம்கூட வந்தது. “புதுத் திரையில அவர் வீடியோல வந்தா மூஞ்சி மஞ்சளா இருந்துச்சு. அந்த மூஞ்சி எனக்குத் தெரியாதா? சரி, தோலை நம்ப வேணாம்னு கண்ணைப் பார்த்தேன். கண்ணு வெள்ளையும் மஞ்சள். அப்ப திரைதானே தப்பு? அந்த வெள்ளை வெள்ளையா தெரியற வரைக்கும் நீலத்தை ஏத்தினேன்.”

படத்தில் எது வெள்ளையோ அதைப் பிடித்துக்கொண்டு மற்ற நிறங்களைச் சரி செய்வது எங்கள் தொழிலில் எல்லோரும் செய்வதுதான். பல், சட்டைக் காலர், கண்ணின் வெள்ளை. நானும் அப்படித்தான் செய்வேன். ஆனால் பிடித்துக்கொண்ட வெள்ளை நிஜமாகவே வெள்ளையாக இருக்க வேண்டும். அவள் ஏற்றிய நீலத்தை எடுத்துவிட்டுத் திரையைக் கருவி சொன்னபடி வைத்தேன்.

அந்த நேரம் பார்த்து மாமா கூப்பிட்டார். சுரங்கப்பாதை தோண்டும் இடத்தில் ஜெனரேட்டர் மெக்கானிக். சாப்பாட்டு இடைவேளையில் தன் தகர அறையிலிருந்து தினமும் கூப்பிடுவார்.

“பாரு, மறுபடியும் மஞ்சளாக்கிட்டே!” என்று என் முதுகில் ஒரு அடி வைத்தாள் அக்கா.

“என்னடா மாப்ள, அக்காவும் தம்பியும் இன்னைக்கு எந்த நிறத்துக்குச் சண்டை?” என்று மாமா சிரித்தார். கன்னம் ஒட்டியிருந்தது.

“சாப்டீங்களா மாமா?”

“எங்கடா? சோத்தைப் பார்த்தாலே குமட்டுது. உங்க அக்காகிட்ட சொன்னா, என் சமையலுக்கு ஏங்கிப் போயிட்டீங்கன்னு கிண்டல் பண்றா.”

அக்காவின் முகத்தில் இருந்த சிரிப்பு போய்விட்டது. அவள் திரையைப் பார்த்தாள். கருவியைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

“என்னங்க, பக்கத்துல வெள்ளைத் தாள் ஏதாவது இருக்கா?”

“எதுக்குடி?”

“இருந்தா கன்னத்தோரம் பிடிங்க. கேள்வி கேக்காதீங்க.”

அவர் எதையோ துழாவி ஒரு தாளை எடுத்து, போட்டோ பிடிக்க நிற்கும் குழந்தையைப் போலக் கன்னத்தோடு ஒட்டிப் பிடித்தார். தாள் வெள்ளையாகத்தான் இருந்தது. அவர் முகம் மஞ்சள். கண் அதைவிட மஞ்சள்.

“இப்ப கலர் சரியா இருக்காடி?” என்று கேட்டார்.

“சரியா இருக்குங்க,” என்றாள் அக்கா. “இன்னைக்கே கிளம்பி வாங்க.”

வந்தார். வந்த அன்றே ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். கணையத்தில் கட்டி, பித்தக் குழாயை அடைத்திருக்கிறது என்றார் டாக்டர். “கண்ணு மஞ்சளானதும் வந்திருந்தா அறுவை சிகிச்சை செஞ்சு பார்த்திருக்கலாம்” என்று சொன்னவர், அக்காவின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். அந்த மஞ்சளை இந்த உலகத்திலேயே முதலில் கண்டது அவள் கண். கண்டதைத் தன் கையாலேயே அழித்துவிட்டாள். அந்தப் பழமொழியைச் சொல்லிச் சிரித்த என் வாயை என்ன செய்வது என்று எனக்கும் தெரியவில்லை.

“நான் சொல்லாம மறைச்சிருந்தேன்னா என்னைத் திட்டலாம். நீயாவது பார்த்தியே. உன்னை ஏண்டி நீயே திட்டிக்கிற?” என்று மாமா கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். அவள் காதில் அது ஏறவே இல்லை. மழைக்காலம் முடிவதற்குள் போய்விட்டார்.

சுவரில் மாட்டப் படம் வேண்டும் என்று அக்கா கூப்பிட்டாள். பழைய கல்யாணப் படம் எதையாவது எடுத்து வைத்திருப்பாள் என்று நினைத்துப் போனேன். ஆஸ்பத்திரி ஜன்னலோரம் உட்கார்ந்து மாமா சிரிக்கிற படம் திரையில் இருந்தது. வாய் சிரித்தது. கண் முழுக்க மஞ்சள். லேப்டாப் பக்கத்தில் என் கருவி. இப்போதெல்லாம் அவள் தினமும் அதை வைத்து அளக்கிறாள்.

“கண்ணை மட்டும் கொஞ்சம் வெள்ளையாக்கிடட்டுமாக்கா? வர்றவங்க பார்ப்பாங்க,” என்று மவுஸைத் தொட்டேன்.

அக்கா என் கையை எடுத்து அப்பால் வைத்தாள்.

“வேணாம்டா. ஒருதடவை வெள்ளையாக்கினேன்ல.”

அப்படியே கடைக்குக் கொண்டுபோய் அச்சடித்தேன். நிறம் துளியும் பிசகவில்லை.