பரங்குன்றத்தில் நின்ற வண்டி

சிம்மக்கல்லில் குடைக்கடை நைனா முகமதுவின் மனைவி மைதீன் பீவி, வீட்டு மாடியை விட்டு ஒரு படி கூட இறங்காமல், வலது கைச் சுண்டுவிரலால் நெம்பி, திருப்பரங்குன்றத்தில் மாட்டிக்கொண்ட திருநெல்வேலி ரயிலை எஞ்சின், கரி, கார்டு, ஆயிரம் ஜனம், நாலு ஆட்டுக்குட்டி சகிதம் மதுரைக்குக் கொண்டுவந்து சேர்த்தாள். இதை நம்பாதவர்கள் உலகத்தில் நிறையப் பேர் இருக்கலாம். சிம்மக்கல்லில் ஒரே ஒருவர்தான். அவளுடைய சொந்தத் தம்பி, கயிற்றுக்கடை பீர் முகமது.

அதற்குக் கொஞ்சம் முன்னால் அவர் ஜட்கா வண்டியில் ஒரு காலும் தெருவில் ஒரு காலுமாக நின்று, மாடி ஜன்னலைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தார்.

"அக்கா! வண்டி எங்க நிக்குது? சேதி வந்துச்சா?"

"பரங்குன்றத்துல நிக்குது பீரு!"

"இன்னுமா?"

"அங்கனயேதான் நிக்குது. கெளம்பக் காணோம்!"

பீர் முகமது தெருவில் நின்றவர்களிடம் திரும்பினார். "பள்ளிவாசல்ல சொல்லிருங்க. நான் போயி ரோஷனக் கூட்டிக்கிட்டு வாரேன். அவ வந்து அத்தா மொகம் பாத்தப்புறந்தான் சந்தூக்குப் பெட்டியைத் தூக்கணும்."

"மத்தியானம் ளுஹர் தொழுகைக்கு அடக்கம்னு நீங்கதானே அண்ணே காலையில சொன்னீக?" என்றார் ஒருவர். "வைகாசி வெயிலு. மையத்த எம்புட்டு நேரம் வச்சிருக்க?"

"நான்தான் சொன்னேன். இப்ப நானே வேணாங்குறேன்." குரல் உடையப் பார்த்தது. அதைச் சரிசெய்ய ஜட்காக்காரனைத் திட்டினார். "ஏறி ஒக்காருடா சோணை, குதிரையப் பாத்துக்கிட்டு நிக்கிற!"

நைனா முகமது விடியற்காலைத் தொழுகைக்கு முன்பே போய்விட்டார். உடம்பு மோசம் என்று முந்தின நாளே மேலப்பாளையத்துக்குத் தந்தி கொடுத்தாயிற்று. மகள் ரோஷன் ராத்திரி வண்டியில் கொழுந்தன் துணையோடு புறப்பட்டுவிட்டதாகப் பதிலும் வந்தாயிற்று. விடியற்காலையில் வரவேண்டிய வண்டி வெயில் ஏறியும் வரவில்லை. சண்டைக் காலம். பட்டாளத்து வண்டி போக வேண்டுமென்றால் ஜனங்களின் வண்டி எந்தக் கள்ளிக்காட்டிலும் நிற்கும்.

பீர் முகமது எதையும் லேசில் நம்புகிறவர் அல்ல. கயிறு வியாபாரம் அப்படி. வருகிற கயிற்றையெல்லாம் காலில் மிதித்து, இரண்டு கையாலும் இழுத்துப் பார்த்து, அறவில்லை என்றால்தான் கயிறு என்று ஒப்புக்கொள்வார். காலையில் பாங்கு கேட்டால் கூட வாசலுக்கு வந்து கிழக்கைப் பார்த்த பிறகுதான் விடிந்ததை அங்கீகரிப்பார். அவர் வாயைத் திறந்து ஒரு காரியத்துக்கு உத்தரவாதம் சொன்னது வாழ்நாளில் ஒரே தடவை. ரோஷனுக்கு மேலப்பாளையத்துச் சம்பந்தத்தைக் கொண்டுவந்தபோது.

"மேலப்பாளையம் என்ன சீமையிலயா இருக்கு மச்சான்? ராத்திரி ரயில் ஏறுனா விடிய வந்து எறங்கிருவா. நெனச்சா வரலாம், நெனச்சாப் போகலாம்."

நைனா முகமது அதை நம்பினார். கல்யாணம் முடிந்து மகளை ரயிலேற்றிவிட்டு வந்த மறுநாள் மாடியில் தண்டவாளம் போட ஆரம்பித்தார்.

மதுரையில் மழையை நம்பிக் கடை வைத்தவனுக்கு ஓய்வுக்குக் குறைச்சல் இல்லை. பழைய குடைக் கம்பிகளை நிமிர்த்தித் தண்டவாளம். மூங்கில் சிம்பில் அடிக்கட்டை. செத்துப்போன சுவர்க்கடிகாரத்தின் ஸ்பிரிங்கை எடுத்து, பிஸ்கட் தகரத்துக்குள் அடக்கி, சாவி கொடுத்தால் ஓடுகிற எஞ்சின். தையல்காரர் தூக்கிப்போட்ட நூல்கட்டைகள்தாம் சக்கரம். கட்டிலுக்கு அடியில் திருநெல்வேலி. டிரங்குப் பெட்டியைச் சுற்றி வந்தால் விருதுநகர். அங்கே கம்பி மேலே தூக்கிக்கொள்ளும் என்பதால் அம்மிக் குழவியைப் படுக்கவைத்திருந்தார். அந்த வீட்டில் மீன் ஆணத்துக்கு மசாலா அரைக்க வேண்டுமென்றால் விருதுநகரைப் பெயர்த்துக்கொண்டு போக வேண்டும். அரைத்துக் கழுவித் திரும்ப வைக்கும்வரை போக்குவரத்து நிறுத்தம். ஜன்னலுக்குக் கீழே பரங்குன்றம், குடைப் பிடியில் செய்த கைகாட்டியோடு. வாசல்படி ஓரம் மதுரை. கம்பியெல்லாம் மாடிக்குப் போய்விட்டதால் அந்த வருஷம் பெய்த ஒரே மழையில் பாதிச் சிம்மக்கல் நனைந்தது என்று சொல்வார்கள். மீதிப் பாதி, கம்பியில்லாத குடையைத் தலையில் முக்காடாகப் போட்டுக்கொண்டு போனதாம்.

கடைசிப் பெட்டி பெண்கள் பெட்டி. கறுப்புக் குடைத்துணியில் திரை கட்டியிருந்தது.

அந்த ரயிலுக்கு ஒரு சட்டம் உண்டு. எத்தனை சாவி கொடுத்தாலும் பரங்குன்றத்தில் நின்றாக வேண்டும். நிஜமான திருநெல்வேலி வண்டி மதுரை ஸ்டேஷனுக்குள் நுழைந்து ஊதுகிற சத்தம் சிம்மக்கல் வரை கேட்கும். அது காதில் விழுந்த பிறகுதான் கைகாட்டி இறங்கும். வண்டி மெல்ல உருண்டு மதுரைக்கு வரும். நைனா முகமது குனிந்து, கறுப்புத் திரையை நகத்தால் ஒதுக்கி உள்ளே பார்ப்பார். "இன்னைக்கும் கூட்டம் போல. பிள்ளைக்கு எடம் கெடைச்சிருக்காது" என்று சொல்லிவிட்டு நாஷ்டாவுக்கு உட்காருவார்.

ரோஷனுக்கு அங்கே படுத்த படுக்கையாக ஒரு மாமியார். அடுத்தடுத்து இரண்டு குழந்தைகள். பிறகு சண்டை. அவள் வந்து மூன்று நோன்பு கழிந்துவிட்டது.

"மச்சான், தகரத்துக்குள்ளருந்து இன்னைக்கு எத்தன பேரு எறங்குனாக?" என்று பீர் முகமது வாசலில் இருந்தே கேட்பார்.

"நீ ஒருத்தன் நம்ப மாட்டேங்குற மாப்ள. அதான் வண்டி லேட்டாகுது."

படுக்கையில் விழுந்த பிறகு, அவர் கண்ணால் சொல்லச் சொல்ல மைதீன் பீவிதான் வண்டியை விட்டாள்.

ஜட்கா பழங்காநத்தத்தைத் தாண்டியது. சோணையின் குதிரை, ஓடுகிற பாவனையில் நிற்கத் தெரிந்த குதிரை. எதிரே வந்த ஒரு நத்தை அதை முந்திக்கொண்டு போயிருக்கும். நத்தை எதிர்த் திசையில் போனதால் குதிரையின் மானம் தப்பித்தது.

"பாய், ஒன்னு கேக்கட்டுமா?" என்றான் சோணை.

"கேளு."

"காலையிலருந்து நான் டேசன் வாசல்லதான் கெடந்தேன். வண்டி எங்க நிக்குதுன்னு டேசன்ல ஒரு பயலுக்கும் தெரியல. பரங்குன்றத்துல நிக்குதுன்னு ஒங்களுக்கு யாரு சொன்னா?"

"அக்கா சொல்லுச்சு."

"அக்காவுக்கு யாரு வந்து சொன்னா?"

பீர் முகமது பதில் சொல்ல வாயைத் திறந்தார். மாடி ஜன்னல் கண்ணில் வந்தது. ஜன்னலில் அக்காவின் முகம். அவள் பதில் சொல்வதற்கு முன்னால் தெருப்பக்கம் பார்க்கவில்லை. குனிந்து தரையைப் பார்த்தாள்.

"அடப் பாவிகளா!" என்றார் பீர் முகமது. "தகர வண்டியடா! அது தகர வண்டி நிக்கிற எடம்டா!"

சோணை சிரிக்கவில்லை. மையத்து வீட்டு ஆளை ஏற்றிக்கொண்டு சிரிக்கக் கூடாது என்று உதட்டைக் கடித்தான். தோள் மட்டும் குலுங்கியது.

"திருப்பு. நெசமான வண்டி சாத்தூர்ல கெடக்கோ, மணியாச்சியில கெடக்கோ. வீட்டுல எல்லாரும் எனக்காகக் காத்துக்கிட்டு இருப்பாக. திருப்புடா!"

"திருப்பலாம் பாய். ஆனா இந்தக் குதிரை ஒரு நாளைக்கு ஒருதரந்தான் திரும்பும். இங்கனயே திருப்பிட்டா பெறகு ராத்திரி வீட்டுக்குத் திரும்பாது. எங்க அப்பன் காலத்துலருந்து அப்படித்தான்."

"என்னடா ஒளர்ற?"

"பசுமல வந்துருச்சு. எட்டிப் பாத்துட்டே போயிருவோம். வந்தது வந்துட்டோம்."

பீர் முகமது தலையில் அடித்துக்கொண்டார். பிறகு துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். வெயிலுக்காக மூடியதாகச் சோணை நினைத்துக்கொண்டான்.

திருப்பரங்குன்றம் ஸ்டேஷனில் வண்டி நின்றது.

கண்ணுக்கு எட்டிய தூரம் பெட்டிகள். ஜனங்கள் இறங்கி வேப்பமர நிழலில் உட்கார்ந்து புளிச்சோற்றுப் பொட்டலம் பிரித்துக்கொண்டிருந்தார்கள். பீர் முகமது நம்பவில்லை. பக்கத்தில் போய் ஒரு பெட்டியின் இரும்பைக் கையால் தொட்டார். சுட்டது. கையை உதறிக்கொண்டு, பெண்கள் பெட்டியைத் தேடி ஓடினார். அவருடைய தொந்தி அவருக்கு ஒரு அடி முன்னால் ஓடியது.

"பட்டாளத்து வண்டி போகணுமாம். இப்ப எடுப்பாகளோ எப்ப எடுப்பாகளோ" என்றான் கூஜாவில் தண்ணீர் பிடித்த ஒருவன். அதே நேரம் ஊருக்குள்ளிருந்து ளுஹர் பாங்கு கேட்டது.

"மாமா!"

கறுப்புத் துப்பட்டிக்குள் ரோஷனின் முகம். கம்பியை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். மடியில் ஒரு பிள்ளை தூங்கியது.

"மாமா, நீங்க எப்படி இங்க? அத்தா எப்படி இருக்காக? தந்தியில ஒன்னும் சரியாச் சொல்லல. பேசுறாகளா? கஞ்சி குடிக்கிறாகளா?"

பீர் முகமதுவுக்கு மூச்சு வாங்கியது. சொல்வதற்காகத்தான் வந்திருந்தார். பக்குவமாகச் சொல்ல வேண்டும் என்று வழியெல்லாம் வார்த்தை சேர்த்து வைத்திருந்தார். கம்பிக்கு மேல் இருந்த அவள் விரல்களின் மேல் கையை வைத்தார். வைத்த கைக்கு அடியில் பெட்டி அசைந்தது.

ஜனங்கள் பொட்டலத்தை விட்டுவிட்டுக் கத்திக்கொண்டே ஓடிவந்து தொற்றினார்கள். பெட்டி நகர்ந்தது. பீர் முகமது கூடவே நடந்தார். நடை ஓட்டமாகியது.

"மாமா, சொல்லுங்க! அத்தா..."

"காத்துக்கிட்டு இருக்காகம்மா" என்று கத்தினார். "ஒனக்காகத்தான் காத்துக்கிட்டு இருக்காக. நேரா வீட்டுக்குப் போ. வேற எங்கயும் பராக்குப் பாக்காத, நேராப் போ!"

ரோஷனின் முகம் தெளிந்தது. தலையாட்டினாள். அந்தத் தெளிந்த முகத்தை ரயில் எடுத்துக்கொண்டு போனது. பிளாட்பாரத்தின் கோடியில், கையை நீட்டியபடி பீர் முகமது மட்டும் நின்றார்.

கூட்டிக்கொண்டு வரப் போனவர் கடைசியில் வந்து சேர்ந்தார். குதிரை அன்றைக்குரிய ஒரு திரும்பலைத் திரும்பி முடித்திருந்தது.

வீட்டுக்குள் சத்தமில்லை. கபன் துணி சுற்றிய உடலில் முகம் மட்டும் திறந்திருந்தது. தலைமாட்டில் ரோஷன். அழுது முடித்திருந்தாள். தாடியில் ஒட்டியிருந்த ஒரு பஞ்சுத் துணுக்கை அவள் விரல் மெல்ல எடுத்தது. மாமாவை நிமிர்ந்து பார்த்தாள். ஏன் சொல்லவில்லை என்று கேட்கவில்லை. கொஞ்சம் நகர்ந்து, அவர் பார்ப்பதற்கு இடம் விட்டாள்.

பிறகு சந்தூக்கைத் தூக்கினார்கள். பெண்கள் வாசலோடு நின்றுகொண்டார்கள்.

அடக்கம் முடிந்து, துஆ ஓதி, கையில் ஒட்டிய மண்ணைக் கழுவிவிட்டுப் பீர் முகமது மாடிக்கு ஏறியபோது வெயில் சாய்ந்திருந்தது. மைதீன் பீவி வெள்ளை உடுத்திச் சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். இனி, புருஷனை இழந்தவள் வெளியே போகாமல் இருக்கும் இத்தா முடிகிற வரைக்கும் அவளுக்கு இந்த அறைதான்.

"சாப்புட்டியா பீரு?"

"ஆச்சுக்கா." சாப்பிடவில்லை.

"ரோஷன்?"

"கீழ பிள்ளைக்குப் பால் குடுத்துக்கிட்டு இருக்கு. நாப்பது கழிச்சுத்தான் போகுமாம். கொழுந்தன்ட்ட சொல்லியாச்சு."

அக்கா தலையாட்டினாள். தெருவில் ஒரு மாட்டுவண்டி போய் முடித்தது.

"நான் ஒன்னு சொல்றேன். நீ சிரிக்கக் கூடாது."

"சிரிக்கலக்கா."

"மையத்தக் குளிப்பாட்டி முடிச்சுட்டோம்னு கீழருந்து சொன்னாக. பாங்கும் சொன்னாக. டேசன்ல ஊதுற சத்தம் மட்டும் வரல. எனக்குப் பொறுக்கல பீரு. சாவி கூடக் குடுக்கல. சுண்டுவெரலாலயே பரங்குன்றத்துலருந்து தள்ளி விட்டுட்டேன். ஒங்க மச்சான் இருந்திருந்தா தொட விட்டிருப்பாகளா? கையத் தட்டி விட்ருப்பாக." முந்தானையால் வாயைத் துடைத்தாள். "இத்தன வருசம் அவுக ஒருநா கூட அப்படிச் செய்யல. அவுக கண்ண மூடுன அன்னைக்கே நான் சட்டத்த மீறிட்டேனோன்னு மனசு அடிச்சுக்கிருது."

பீர் முகமது வாசல்படி ஓரம் வந்து நின்ற தகர வண்டியைப் பார்த்தார்.

"தள்ளிவிட்டுக் கொஞ்சத்துல ஊதுச்சு. அதான் கேக்குறேன். நீ அங்கதான இருந்த? அங்க எப்பக் கெளம்புச்சு?"

பட்டாளத்து வண்டி முன்னாலேயே போயிருக்கும். கைகாட்டி இறங்கியிருக்கும். ரோஷனின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்ததால் அவர் கவனித்திருக்கமாட்டார். கார்டு கொடி காட்டியிருப்பான். ஜட்காவில் திரும்பி வந்த வழியெல்லாம் இவற்றைத்தான் ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்துக்கொண்டு வந்தார். எதுவும் அறவில்லை. எல்லாம் நல்ல கயிறுதான்.

அக்கா அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பாங்கு சொல்லையிலதான்க்கா" என்றார். "நீ தள்ளித்தான் கெளம்புச்சு. நான் பக்கத்துல நின்னு பாத்தேன்."