ஒருத்தருக்கும் சொல்லாதேங்கோ

சுயபராமரிப்பு என்று சொல்லி எங்கள் எல்லோருக்கும் ஆளுக்கொரு துணிப்பை தந்தார்கள். உள்ளே லவெண்டர் மணக்கும் மெழுகுதிரி, ஒரு சோடி கம்பளிக் காலுறை, தேயிலைப் பொட்டலம். படையில் தன்னோடு வேலை செய்தவனாலேயே பாலியல் வன்முறைக்கு ஆளான பெண் உதவி கேட்டு வந்தால் அவளுக்குப் பக்கத்தில் நிற்க வேண்டியவர்கள் நாங்கள். மருத்துவரிடம் போவதா, முறைப்பாடு கொடுப்பதா, ஒன்றும் செய்யாமல் இருப்பதா என்பதை அவளே தீர்மானிக்கும்வரை கூட இருப்பதுதான் வேலை. அதைக் கேட்டுக் கேட்டு எங்கள் மனம் உடைந்துபோகாமல் இருக்கக் காலுறையாம். எனக்குக் காலையிலேயே எரிச்சல் தொடங்கிவிட்டது.

என் பெயர் றெஜினா. படையில் மருத்துவ உதவியாளராக இருந்து விலகியவள். இப்போது இப்படித் துணை நிற்க வரும் தொண்டர்களுக்குப் பயிற்சி கொடுக்கிறேன். கியூபெக்கில், லொங்குய் மெத்ரோ ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு அலுவலகக் கட்டடத்தில் வகுப்பு. பொறுப்பாளர் கப்டன் மெலனி, கியூபெக்காரி, எதற்கும் குரல் உயர்த்தாதவள். காலுறை அவளுடைய யோசனை.

பகுதிநேர ரிசேர்வ் படையில் எங்கள் தமிழ்ப் பிள்ளைகளும் சேர்கிறார்கள், தமிழ் தெரிந்த தொண்டர் வேண்டும் என்று அவளோடு சண்டை பிடித்தவள் நான். அப்படி வந்தவர் கிறகரி அண்ணை, களஞ்சியப் பிரிவில் சார்ஜன்ட், மன்னார்க்காரர். கோவில் பெருநாளென்றால் முதல் ஆளாகக் கதிரை அடுக்குவார். செத்தவீடென்றால் கடைசி ஆளாகத்தான் வீட்டுக்குப் போவார். ஆள் தட்டுப்பாடு என்று சொல்லி, பயிற்சி முடியும் முன்பே துணைத் தொண்டர் என்று அவருடைய பெயரை முகாம் அறிவித்தல் பலகையில் ஒட்டியிருந்தார்கள்.

காலையில் ஒத்திகை. நான் உதவி கேட்டு வரும் பெண், அவர் துணை.

"அண்ணை, எனக்கு ஒண்டு நடந்திட்டுது. ஆரோடை கதைக்கிறதெண்டு தெரியேல்லை."

"பயப்பிடாதை பிள்ளை, நான் இருக்கிறன். நீ ஊரிலை எவடம்?"

"நான் இஞ்சை பிறந்தனான்."

"அப்ப அப்பா எவடம்? பேசாலையோ? பேசாலையிலை ஆரின்ரை மகள்?"

என் தகப்பன் பெயர், கோவில், மாமன் செய்த தொழில் எல்லாம் வெளியே வந்துவிட்டன. எனக்கு என்ன நடந்தது என்பது மட்டும் வரவில்லை. ஒத்திகையை நிறுத்தினேன்.

"அண்ணை, அந்தப் பிள்ளை இப்ப எழும்பிப் போயிட்டாள்."

"ஏன்? தெரிஞ்ச ஆக்கள் எண்டால்தானே மனம் விட்டுக் கதைப்பினம்?"

"தெரிஞ்ச ஆக்கள் எண்டால்தான் வாயே திறக்காதுகள். நாளைக்குக் கோயிலிலையும் நீங்கள் நிப்பியள், கலியாணவீட்டிலையும் நீங்கள் நிப்பியள்."

அவர் சிரித்தார். நான் பகிடி விடுகிறேன் என்று நினைத்திருக்க வேண்டும்.

மத்தியானம் சாப்பாட்டுப் பெட்டியோடு என் பக்கத்தில் வந்து இருந்தார். "நீ சும்மா பயப்பிடுறாய், தங்கச்சி. நான் ஏற்கனவே ஒண்டைப் பாத்து முடிச்சிட்டன். வில்லரேயிலை இருக்கிற ஸ்ரீதரன்ரை மகள், வினோஜா. பயிற்சி முகாமிலை ஒரு கோப்ரல்..."

"பேர் சொல்லாதேங்கோ!"

சொல்லி முடித்துவிட்டார். கட்லட்டைக் கடித்துக்கொண்டே மிச்சத்தையும் சொன்னார். அந்தப் பெண் களஞ்சிய அறைக்கு வந்து நின்று நடுங்கினாளாம். இவர் ஊர் கேட்டு, தகப்பனைக் கண்டுபிடித்து, அட அவன்ரை மகளா என்று சந்தோசப்பட்டாராம். அவள் கையெடுத்துக் கும்பிட்டு, "அண்ணை, ஒருத்தருக்கும் சொல்லாதேங்கோ, நான் யோசிச்சு முடிவெடுக்கிறன்" என்றாளாம்.

"பாவம், தனிய நிண்டு நடுங்குது. விட ஏலுமே? அண்டைக்கே ஸ்ரீதரனுக்குப் போன் அடிச்சுச் சொல்லிட்டன். அவனும் நானும் கோட்-டெ-நெய்ஜிலை ஒரே றெஸ்ரோறண்டிலை கோப்பை கழுவினனாங்கள்."

"ஒருத்தருக்கும் சொல்லவேண்டாம் எண்டவளெல்லோ?"

"தகப்பன் ஆரோ ஒருத்தனே?"

உண்மையாகவே விளங்காமல்தான் கேட்டார். அதுதான் எனக்குத் தலைக்கேறியது. கெட்டவனாக இருந்தால் நாலு வார்த்தை ஏசிவிட்டுப் போயிருப்பேன். எங்கள் சனத்துக்கு ஒருத்தருக்கும் சொல்லாதே என்றால் வெளியாளுக்குச் சொல்லாதே என்றுதான் விளங்கும். சொந்தபந்தம், கூட வேலை செய்தவன், கோவிலில் பக்கத்தில் முழங்காலில் நிற்பவன் யாரும் அந்தக் கணக்கில் இல்லை. ஒரு பெண்ணின் மானத்தை ஊர் முழுக்கக் காவிக்கொண்டு திரிந்துவிட்டு, வாயே திறக்கவில்லை என்று சத்தியமும் செய்வார்கள்.

"இப்ப அந்தப் பிள்ளை?"

"நல்ல முடிவாப் போச்சு. முறைப்பாடு ஒண்டும் வேண்டாமெண்டு ஸ்ரீதரன் சொல்லிட்டான். வெளியிலை தெரிஞ்சால் ஆர் கட்டுவினம்? படையையும் விடச் சொல்லியாச்சு. போனைத் தாய் வாங்கி வைச்சிருக்கிறா."

நல்ல முடிவாம். செய்தவன் முகாமில் சப்பாத்து மினுக்கிக்கொண்டு நிற்கிறான், இவளுக்கு வீட்டுக்குள் மறியல். தீர்மானம் அவளுடையது என்று காலை முழுக்கத் தொண்டை கிழியக் கத்தினேனே, அந்த ஒன்றைத்தான் இந்த மனிதர் அவளிடமிருந்து பறித்துத் தகப்பன் கையில் கொடுத்திருக்கிறார்.

நேரே மெலனியிடம் போய் நடந்ததைச் சொன்னேன். கிறகரியை இப்போதே வேலையிலிருந்து விலக்கு, அந்தப் பெண்ணை அழைத்துப் பேச என்னை விடு என்றேன். அவள் முகம் வெளிறியது. ஆனாலும் முடியாது என்று தலையை ஆட்டினாள்.

"நாங்களாக அழைக்க முடியாது, றெஜினா. அவள் கேட்டால்தான். காலையில் நீதானே படிப்பித்தாய்?"

"கிறகரி?"

"தமிழ் தெரிந்த வேறு ஆள் இல்லை. பயிற்சியை முடிக்கட்டும், பிறகு பார்ப்போம். நீ கோபமாக இருக்கிறாய். மூச்சுப் பயிற்சிக்கு வா, சுகமாக இருக்கும்."

"என் கோபத்துக்கு ஒரு நோயும் இல்லை. அது நன்றாகத்தான் வேலை செய்கிறது," என்றேன்.

பின்னேரம் மெழுகுதிரிகளைக் கொளுத்தி வைத்துவிட்டு எல்லோரும் கண்ணை மூடி மூச்சு இழுத்தார்கள். கிறகரி அண்ணையும்தான், செபம் சொல்வதுபோல. அப்போது என் பையிலிருந்த, உதவி கேட்பவர்கள் அழைக்கும் தொலைபேசி அதிர்ந்தது. வெளியே ஓடிவந்து எடுத்தேன்.

"போன்ஜூர். நான் றெஜினா, கேட்டுக்கொண்டிருக்கிறேன்," என்றேன் பிரெஞ்சில்.

தண்ணீர் ஓடும் சத்தம். குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு யாரோ இரகசியமாகப் பேச எடுத்திருக்கிறாள் என்று விளங்கியது. என் பிரெஞ்சு உச்சரிப்பு என்னைக் காட்டிக்கொடுத்திருக்க வேண்டும்.

"நீங்கள் தமிழா?" என்றாள், பிரெஞ்சில்.

ஆறுதலாக இருக்குமென்று தமிழிலேயே "ஓம்" என்றேன்.

குழாயை இன்னும் பெரிதாகத் திறந்துவிட்டாள். பிறகு அதே பிரெஞ்சில் கேட்டாள்: "தமிழரில்லாத யாராவது இருக்கிறார்களா? போன முறை அந்த அண்ணை அப்பாவிடம் சொல்லிவிட்டார். என் போனைப் பறித்துவிட்டார்கள், இது அம்மாவுடையது."

நான் அப்படியானவள் இல்லை என்பது நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கினேன். என்னுடைய நல்ல குணத்தைக் கேட்கவா அவள் எடுத்தாள்?

"இருக்கிறார். வைத்துவிடாதே," என்றேன்.

மெலனியின் தோளைத் தட்டி வெளியே கூட்டிவந்து தொலைபேசியைக் கொடுத்தேன். காலையிலிருந்து நான் திட்டித் தீர்த்த அவள், சீருடையோடு தரையில் உட்கார்ந்து, "நேரம் இருக்கிறது. உனக்கு என்ன வேண்டும்?" என்று கேட்டாள். நெடுநேரம் கேட்டுக்கொண்டேயிருந்தாள். கடைசியில், "முறைப்பாடு கொடுப்பது உன் முடிவென்றால் நான் கூட வருகிறேன். எந்த மெத்ரோ நிலையம்?" என்றாள்.

எனக்கு அழுகை வந்தது, ஆத்திரத்தில். சண்டை பிடித்துக் கொண்டுவந்த என் தமிழுக்குப் பயந்து ஒரு பிள்ளை குளியலறைக்குள் ஒளிந்திருக்கிறாள்.

கதவு திறந்தது. கிறகரி அண்ணை. "ஆர் எடுத்தது, தங்கச்சி? எங்கடை ஆக்களோ?"

"அண்ணை, ஜக்கெற்றைப் போட்டுக்கொண்டு வீட்டை போங்கோ. இனி இந்த வேலைக்கு வராதேங்கோ."

"கப்டன் சொன்னவவோ?"

"நான் சொல்லுறன்."

அவர் முகம் சுருங்கிப்போனது. "ஆர் எடுத்தது, என்ன சொன்னது எண்டாவது சொல்லன்."

"சொல்லமாட்டன்."

"எனக்குமோ? நான் ஆரோ ஒருத்தனே, றெஜினா?"

"ஓம்," என்றேன்.